நம் குரலை நாமே பதிவோம்

(பொன்விழா நிகழ்ச்சியில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)

 

இந்த மலருக்காகப் பழைய படங்களைத் தேடி வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் படங்களைக் கரையான் தின்றிருந்தது. இன்னொரு வீட்டில் படம் இருந்தது. அதில் நிற்பவர்கள் யாரென்று சொல்ல ஆளில்லை. சொல்லக்கூடிய பெரியவர் போன நோன்பில்தான் மவுத்தானார். ஐம்பது வருடம் உழைத்த சமூகம், ஆதாரம் கேட்டால் கையை விரிக்கிறோம்.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 1876-இல் ‘ஜாவி பெரானாக்கான்’ என்ற மலாய் வார இதழ் வெளிவந்தது. நடத்தியவர்கள் இந்திய முஸ்லிம் தகப்பனுக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த வழியினர். 1887-இல் சி.கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ தமிழ் வார இதழைத் தொடங்கினார். எண்ணிக்கையில் சிறியவர்கள்தாம், ஆனாலும் அன்றைய புதுக் கருவியான அச்சுக்கூடத்தைத் தங்கள் வசமாக்கிக் கொண்டார்கள். எழுதி வைத்ததால்தானே இன்றும் அவர்களைப் பேசுகிறோம்!

நமக்கு அச்சுக்கூடமும் வேண்டாம்; கைப்பேசி போதும். அதில் தமிழை எழுத வழிசெய்த ‘செல்லினம்’ செயலியைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். பெரிய பத்திரிகைகளில் இடம் கிடைக்காத செய்திக்கும் இணையத்தில் இடம் உண்டு என்பதை 1999-இல் தொடங்கிய மலேசியாகினி இங்கேயே காட்டியது.

நம்மைப் பற்றிப் பிறர் அறிந்தது என்ன? மாமாக் கடை, ரொட்டி சானாய், நாசி கண்டார். இந்தியர் கூட்டத்தில் நம்மை முஸ்லிம் என்கிறார்கள். மலாய்க்காரர் கூட்டத்தில் இந்தியர் என்கிறார்கள். நாம் யாரென்று நாம் சொல்லாவிட்டால், பிறர் சொல்லியதே நிலைத்துவிடும்.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். கோவிட் காலத்தில், நம் ஆள் ஒருவர் கடையில் நோய் என்று வந்த செய்தியை விசாரிக்காமல் எங்கள் புலனக் குழுவில் தட்டிவிட்டோம். அது பொய். இரண்டு வாரம் அவர் கடையில் ஈ ஓட்டினார். நேரில் போய் மாப்புக் கேட்டோம். பொய்யைப் பார்த்தவர் நூறு பேர். மாப்பைப் பார்த்தவர் அவர் ஒருவரே. குரல் என்பது அமானிதம் என்று அன்று புரிந்தது.

ஆகவே நான்கு காரியங்களைக் கேட்கிறோம். வாரம் ஒரு பெரியவரின் பேச்சை, ஒரு தாயின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்வோம். வீட்டிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் பெயரும் வருடமும் எழுதி ஏற்றுவோம். தமிழிலும் மலாயிலும் எழுதுவோம். யாரைப் பற்றிச் செய்தி வந்தாலும் அவரைக் கேட்காமல் அனுப்பமாட்டோம்.

நம்மில் பலர் கடைக்காரர்கள். கணக்கு எழுதாமல் கடை நடத்துவோமா? நூறாம் ஆண்டு மலர் தயாரிப்பவர்கள் எங்களைப் போல வீடு வீடாக அலையக் கூடாது. அல்லாஹ் துணை செய்வானாக. வஸ்ஸலாம்.