பூனையின் புண்ணும் வீட்டு மருந்தும்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிலே பேச வந்தால், கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்றே நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ பூனை. அதிலும், காயப்பட்டு வீடு திரும்பிய பூனை. இதைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் பூனை ஒன்று என் கையினாலேயே இறந்தது.

அது ஒரு கடுவன். அயல்வீட்டுக் கடுவனோடு இரவெல்லாம் பொருதுவிட்டு, விடியற்காலையில் நொண்டிக்கொண்டு வந்து அடுப்படியிலே படுத்தது. தோளிலே கடுகளவான இரண்டு துவாரங்கள். இரத்தமும் அதிகம் இல்லை. தானே ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அவ்விடம் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிச் சுட்டது. வேதனை தணியட்டும் என்ற இரக்கத்தினால், எனக்குத் தலையிடி வந்தால் விழுங்கும் பரசிற்றமோல் மாத்திரையிற் பாதியைக் கரைத்து அதன் வாயில் ஊற்றினேன். மாலைக்குள் மூச்சு வாங்கியது, முகமும் பாதங்களும் வீங்கின, ஈறுகள் மண்ணிறமாயின. மறுநாள் அது இல்லை. அம்மருந்தின் நஞ்சை முறித்து வெளியேற்றும் ஆற்றல் மனிதனுடைய ஈரலுக்கு உண்டு, பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு என்பதைப் பின்னர்தான் மிருக வைத்தியர் ஒருவர் எனக்கு விளக்கினார். பூனையைச் சிறிய மனிதன் என்று எண்ணியதே நான் செய்த பிழை.

அப்படியானால் வீட்டிலே என்னதான் செய்யலாம்? உப்பும் நீரும் போதும். அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து, மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பிட்டு, இளஞ்சூடாகும்வரை ஆறவிடுங்கள். உடலிலுள்ள நீரின் உப்பும் ஏறத்தாழ இவ்வளவே. கூட்டினால் புண் எரியும். பூனையைத் தலைமட்டும் வெளியே தெரியும்படி தடித்த துவாயினாற் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஊசி நீக்கிய சிரிஞ்சினால் உப்புநீரைப் புண்ணின்மேல் மெல்லப் பாய்ச்சி, அழுக்கும் உரோமமும் வெளியேறும்வரை கழுவவேண்டும். துடைப்பதற்குச் சுத்தமான பருத்தித் துணியே நல்லது. பஞ்சின் நார் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். இரத்தம் வடிந்தால், முதலில் அத்துணியை மடித்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று இடையிடையே எடுத்துப் பார்க்கவேண்டாம். நாளுக்கு இருமுறை கழுவுங்கள். ஒவ்வொரு நாளும் புதிதாக நீர் தயாரியுங்கள்.

இனி, நம் வீடுகளில் உடனே கைக்கு எட்டும் சில பொருள்களைப் பற்றி. நீர் விட்டவுடன் பாலைப்போல் வெளுக்கும் கிருமிநாசினி பூனைக்கு நஞ்சு. பூசியதை அது நக்காமல் விடாது. தோலின் வழியாகவும் அந்நஞ்சு உள்ளே செல்லும். மண்ணெண்ணெய், கற்பூரம் கலந்த தைலம், வேப்பெண்ணெய் ஆகியவையும் ஆகா. மஞ்சளோ எனின், அதை நான் குறைகூறத் துணியேன். என் தாயார் அதனாலேயே எங்கள் முழங்காற் புண்களை ஆற்றினார். ஆனால் பூனையின் புண்ணில் அதை அப்பினால், சிவந்திருக்கிறதா, சீழ் கட்டுகிறதா என்று பார்க்க வழியில்லாமற் போகிறது. சுண்ணாம்பைச் சேர்த்தாலோ தசை வெந்துவிடும்.

நக்குவதைத் தடுக்கத் தடித்த கடதாசி மட்டையைப் புனல்போல் வளைத்துக் கழுத்திலே மாட்டலாம். இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். முதல்நாள் அது சுவரிலே மோதிக்கொண்டு உங்களைப் பகைவரைப்போல் நோக்கும், இரங்கிக் கழற்றிவிடாதீர்கள். புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்காதிருக்க, ஆறும்வரை அதை வீட்டினுள்ளேயே வைத்திருங்கள்.

மேற்சொன்னது தோலளவான சிராய்ப்புக்கும் சிறு கீறலுக்குமே பொருந்தும். மற்றொரு பூனையின் பல் பதிந்த துவாரம் சிறிதாயினும் ஆழமானது. மேலே ஓரிரு நாளில் மூடிக்கொள்ள, உள்ளே வாய்க்கிருமி பெருகும். எங்கள் கடுவனுக்கு நேர்ந்ததும் அதுவே. அத்தகைய காயத்தை வீங்கும்வரை பார்த்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத இரத்தம், கண்ணிலோ மார்பிலோ வயிற்றிலோ பட்ட காயம், துர்நாற்றம், ஒரு நாள் முழுவதும் உணவு தொடாமை, இவற்றிற்கும் வீட்டு மருந்து இல்லை.

நோவிலே பூனை உங்களைக் கடித்துவிட்டால், அதன் புண்ணை விட்டு உங்கள் கையைப் பாருங்கள். சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விசர்நோய் நாயினால் மட்டும் வருவதன்று. பூனைக்கும் ஆண்டுதோறும் அந்நோய்க்கான தடுப்பூசி போடுவித்தல் அவசியம்.

எங்கள் வீட்டில் இப்பொழுது இருப்பதும் ஒரு கடுவன்தான். கடுவன்களின் சண்டை பெரும்பாலும் பெட்டையையும் எல்லையையும் பற்றியது என்பதால், வைத்தியரின் ஆலோசனைப்படி இதற்கு மலடாக்கும் சத்திரசிகிச்சை செய்வித்தோம். அயல்வீட்டுக் கடுவன் இன்னும் இரவிலே மதிலில் நின்று அறைகூவுகிறது. எங்களுடையது சாளரத்தில் இருந்தபடி சற்றுநேரம் கேட்டுவிட்டு, திரும்பிப் படுத்துக்கொள்கிறது.