கணினியும் கணக்கேடும்



கணினியில் நிரல் எழுதப் பழகத் தொடங்கிய இளைஞர் ஒருவர் ஒரு நாள் என்னை நாடி வந்தார். தாம் பயின்ற பள்ளியின் நூலகத்துக்கென அவர் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தார். திரையில் அழகியதொரு படிவம். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், நூலைப் பெற்றுச் செல்லும் மாணவரின் பெயர் ஆகியவற்றைப் பதியக் கட்டங்கள். அடியில் ‘சேமி’ என்றொரு பொத்தான். முற்பகல் முழுதும் அமர்ந்து நாற்பது நூல்களைப் பதிந்தார். பெருமிதத்தோடு நிரலை மூடினார். பிற்பகலில் மீண்டும் திறந்தபோது ஒரு நூலேனும் அங்கில்லை. “பொத்தானில் ‘சேமி’ என்று எழுதியிருந்தேனே, ஐயா! நூல்கள் எங்கே போயின?” என்று வினவினார்.

இவ்வினாவைக் கேட்டு நகைப்பதற்கில்லை. நிரல் எழுதப் புகும் மாணவர் யாவரும் இவ்விடத்துக்கு ஒரு நாள் வந்தே தீர்வர். நிரல் இயங்கும்போது அது கையாளும் செய்திகள் யாவும் கணினியின் நினைவகத்தில் இருக்கின்றன. நினைவகமோ வகுப்பறைக் கரும்பலகையை ஒத்தது. பாடம் நடக்கும் வரையில் எழுத்து இருக்கும். வகுப்புக் கலைந்ததும் அழிக்கப்படும். நிலைத்திருக்க வேண்டியதை ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். பொத்தானின் மீது பெயர் எழுதியதனாலேயே அப்பணி நடந்துவிடாது.

எழுத்தர் வேறு, கணக்கேடு வேறு. நிரல் என்பது எழுத்தர். தரவுத்தளம் என்பது கணக்கேடு. எழுத்தர் மாறலாம், ஓய்வு பெறலாம். ஏடு நிலைத்திருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் வேறு வேறாகக் கருதப் பழகுவதே இத்துறையின் முதற் பாடம். இன்று நான் கூறப்போவன அனைத்தும் இவ்வொரு கருத்தின் விரிவே ஆகும்.

“அப்படியாயின், எல்லாவற்றையும் ஓர் உரைக்கோப்பில் எழுதி வைத்தால் ஆகாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நாற்பது நூல்களுக்கு ஆகும். நாலாயிரம் நூல்கள் வந்தபின், ஒரு மாணவரின் முகவரி அவர் பெற்ற ஒவ்வொரு நூலின் எதிரிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். அவர் வீடு மாறினால் இருபது இடங்களில் திருத்த வேண்டும். ஓரிடம் விடுபட்டால் ஏடே தன்னோடு தான் முரண்படும்.

இவ்விடர்ப்பாட்டுக்குத் தெளிவான தீர்வு கண்டவர் எட்கர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இவர், 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்திகளை எளிய அட்டவணைகளாகப் பகுத்து, அவற்றை ஒன்றோடொன்று பொதுவான மதிப்புகளால் தொடர்புறுத்துக என்பதே அதன் சாரம். நூல்களுக்கு ஓர் அட்டவணை. மாணவர்க்கு ஓர் அட்டவணை. யார் எந்நூலை எந்நாளில் பெற்றார் என்பதற்கு மூன்றாவது அட்டவணை. மூன்றாவதில் பெயர்கள் இரா; நூலின் எண்ணும் மாணவரின் எண்ணும் நாளும் மட்டுமே இருக்கும். ஒரே வகுப்பில் செல்வி என்ற பெயருடையார் இருவர் இருப்பினும் குழப்பம் நேராது. பெயர் ஒன்றாயினும் எண் வேறன்றோ! இப்பணிக்காகக் காட் 1981இல் டூரிங் விருது பெற்றார்.

அட்டவணைகளோடு உரையாட ஒரு மொழி வேண்டுமல்லவா? அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அதனை வகுத்தனர். பாய்ஸ் அவ்வாண்டிலேயே இளம் வயதில் காலமானார். ஆயினும் அவர் கைப்பட்ட மொழி, எஸ்.க்யூ.எல். என்ற பெயரில், 1986இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டு, இன்றளவும் உலகெங்கும் வழங்குகின்றது. நிரல் எம்மொழியில் எழுதப்படினும், ஜாவாவாயினும் சி ஷார்ப்பாயினும் பைத்தானாயினும், இத்தகைய ஏட்டோடு பேசும்போது பெரும்பாலும் இம்மொழியிலேயே பேச வேண்டியிருக்கின்றது.

நம் இளைஞர் இவற்றைக் கற்றுச் சென்றார். இரு வாரங்களில் மீண்டும் வந்தார், முகம் வாடியிருந்தது. “தரவுத்தளத்தோடு இணைத்துவிட்டேன். பிழைச்செய்தி ஏதும் இல்லை. ஆயினும் மூடித் திறந்தால் பழையபடி வெறுமையே!” என்றார்.

இதன் காரணம் நுட்பமானது. பல தரவுத்தளங்களும் அவற்றோடு பேசும் கருவிகளும், நாம் அனுப்பும் மாற்றங்களை உடனே நிலைப்படுத்துவதில்லை. ‘உறுதி செய்’ என்னும் கட்டளை வரும்வரை அவற்றை முடிவுறாதனவாகவே வைத்திருக்கும். அக்கட்டளை தராமல் இணைப்பை மூடினால், எழுதியவை கைவிடப்படும். இளைஞர் அவ்வொரு வரியை எழுத மறந்திருந்தார்.

இது வீண் தொல்லை போலத் தோன்றலாம். இதன் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் கணக்கிலிருந்து ரூ. 500 எடுத்து மற்றொருவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கொள்வோம். முதற் கணக்கில் கழித்தாயிற்று. இரண்டாவதில் கூட்டுவதற்குள் மின்சாரம் நின்றது. அந்தப் பணம் யாரிடம் உள்ளது? யாரிடமும் இல்லை! ஒரு குடும்பத்தின் பணம் இரு கட்டளைகளின் இடைவெளியில் மறைந்துபோகும். இதைத் தடுக்கவே இரண்டு மாற்றங்களையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டுகின்றோம். இரண்டும் நிறைவேறினால் உறுதி செய்கின்றோம். ஒன்று தவறினும் இரண்டையும் விலக்கிப் பழைய நிலைக்கு மீள்கின்றோம். பாதி உண்மையை ஏட்டில் எழுதாதிருத்தல் என்பது இதுவே.

மூன்றாம் முறை வந்தபோது இளைஞரின் குறை வேறாக இருந்தது. நூலகத்தில் இரண்டு கணினிகள் வந்தன. இரண்டிலும் ஒரே ஏட்டைப் பயன்படுத்த வேண்டுமென்று, தம் கணினியில் தரவுத்தள வழங்கி ஒன்றை நிறுவினார். அவர் கணினியில் நிரல் நன்கு இயங்கிற்று. மற்றதில் ‘இணைக்க இயலவில்லை’ என்று நின்றது.

இணைப்பு என்பது ஒரு வீட்டைத் தேடிச் செல்வது போன்றது. எந்தக் கணினி, அதில் எந்த வாயில், எந்த ஏடு, வருபவர் யார், அவருடைய கடவுச்சொல் யாது என்னும் ஐந்தும் தெரிதல் வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்னும் வழங்கி வழக்கமாக 3306ஆம் வாயிலிலும், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 5432ஆம் வாயிலிலும் செவி சாய்த்திருக்கும். நம் இளைஞர் முகவரியாக ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதியிருந்தார். அதன் பொருள் ‘இதே கணினி’ என்பதாகும். ‘என் வீட்டுக்கு வா’ என்பதற்குப் பதிலாக ‘உன் வீட்டுக்குப் போ’ என்று நண்பரிடம் சொன்னால் அவர் எங்கே போவார்? மற்றக் கணினி தன்னிடமே ஏட்டைத் தேடிற்று, காணவில்லை.

முகவரியைத் திருத்தியும் இணையாவிடில், ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வழங்கி இயங்குகின்றதா? வெளியிலிருந்து வரும் அழைப்பை அது ஏற்குமாறு அமைந்துள்ளதா? பாதுகாப்பு அரண் வாயிலை அடைத்துள்ளதா? இடைநின்று மொழிபெயர்க்கும் இயக்கி மென்பொருள் அக்கணினியில் உண்டா? நிரல் 64 பிட் வகையினதாகவும் இயக்கி 32 பிட் வகையினதாகவும் இருந்து பொருந்தாமற் போகின்றதா? பிழைச்செய்தியைப் படியாமல் மூடிவிடுவது தொடக்க மாணவர் பலருக்கும் உள்ள வழக்கம். அதனை முழுதும் படியுங்கள். பெரும்பாலும் விடை அதிலேயே இருக்கும்.

‘தரவுத்தளத்தோடு இணைக்க இயலவில்லை’ என்னும் இச்செய்தியே ஒரு பெரும் படைப்புக்கு வித்திட்டது என்பதை இங்கே கூறுதல் பொருந்தும். 2000ஆம் ஆண்டளவில் ரிச்சர்டு ஹிப் என்னும் அமெரிக்க நிரலாளர், அந்நாட்டுக் கடற்படையின் போர்க்கப்பலுக்கான மென்பொருட்பணியில் ஈடுபட்டிருந்தார். கப்பலுக்குச் சேதம் நேர்ந்தால், எந்தக் குழாயின் அடைப்பானை மூடலாம், எதனைத் திறக்கலாம் என்று வழி காட்டுவது அந்த நிரலின் பணி. ஆனால் செய்திகளோ தனியே இயங்கும் ஒரு வழங்கியிடம் இருந்தன. அது நின்றுவிட்டால், திரையில் தோன்றுவது இணைக்க இயலவில்லை என்னும் அறிவிப்பே. இடர் வந்த வேளையில் உதவவேண்டிய நிரல், இடர் வந்த வேளையில்தான் கைவிரிக்கும் நிலை! இடையில் வழங்கி எதற்கு, வட்டிலுள்ள கோப்பை நிரலே நேராகப் படித்தால் என்ன என்று ஹிப் எண்ணினார். அவ்வாறு பிறந்ததே எஸ்க்யூலைட். 2000 ஆகஸ்டில் வெளிவந்த அது, இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஐபோன்களிலும் உள்ளே அமர்ந்து பணியாற்றுகின்றது. ஏடு முழுவதும் ஒரே கோப்பு. நிறுவுதற்கு வழங்கியும் வேண்டா, கடவுச்சொல்லும் வேண்டா.

ஆகவே, ஒரு கணினியில் ஒருவர் பயன்படுத்தும் நிரலுக்கு எஸ்க்யூலைட் போதும்; தொடக்க மாணவர் அதிலிருந்து தொடங்குவதே நலம். பல கணினிகளிலிருந்து பலர் ஒரே வேளையில் எழுத வேண்டுமாயின் வழங்கியை நாடுக. அங்கே மற்றொரு கடமையும் உண்டு. பணி முடிந்ததும் இணைப்பை மூடிவிடுதல் வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தன் இயல்பான அமைப்பில் 100 இணைப்புகளையே ஏற்கும். திறந்த இணைப்புகளை மூடாமல் விட்டுக்கொண்டே போனால், அடுத்து வருபவர் வாயிலில் நிற்க நேரும்.

நான்காம் முறை அவர் கொண்டுவந்த சிக்கல், ஒரு மாணவியின் பெயரைப் பற்றியது. அவள் பெயர் டிசோசா. ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்தையடுத்து மேலே ஒரு சிறு குறி வரும். அப்பெயரைப் பதிந்தவுடன் நிரல் தடுமாறி நின்றது. எஸ்.க்யூ.எல். மொழியில் சொற்களின் எல்லையைக் காட்டுவதும் அதே குறியே. இளைஞரோ தாம் எழுதிய கட்டளையின் நடுவே பயனர் தட்டெழுதிய பெயரை அப்படியே ஒட்டித் தைத்திருந்தார். குறியைக் கண்ட தரவுத்தளம் பெயர் முடிந்ததென்று கருதி, எஞ்சிய எழுத்துகளைக் கட்டளையாகப் படிக்க முயன்றது.

இங்கே ஒரு பெயர் தடுமாற்றம் விளைத்தது. தீய எண்ணம் உடையவராயின் என் செய்வார்? பெயருக்குரிய கட்டத்தில் அக்குறியை இட்டு, ‘எல்லாருடைய பதிவுகளையும் காட்டு’ எனப் பொருள்படும் சொற்களைத் தொடர்ந்து எழுதுவார். ஏடு ஏமாந்து இணங்கிவிடும். 1998இலேயே வெளிப்படையாக எழுதப்பட்ட இக்குறை, நெடுங்காலம் கடந்தும் உலகை விட்டு அகலவில்லை. மருந்தோ மிக எளியது. கட்டளையில் பெயருக்குரிய இடத்தை ஒரு குறியால் வெற்றிடமாக விட்டு, பெயரைத் தனியே அனுப்புக. அப்போது எவர் எதை எழுதினும் அது பெயராகவே கொள்ளப்படும், கட்டளையாக மாறாது. முதல் நிரலிலிருந்தே இதனை வழக்கமாகக் கொள்ளுங்கள். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தமிழ் மாணவர்க்கென ஒரு வினா எஞ்சியுள்ளது. ‘தமிழ்ப் பெயர்களைப் பதிந்தால் வினாக்குறிகளாகத் தெரிவது ஏன்?’ கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற் பதிப்பிலேயே தமிழெழுத்துகளுக்கு எண்கள் தரப்பட்டன. பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்’ என்னும் சொல் 15 பைட் இடங்கொள்ளும். அட்டவணையின் நெடுவரிசையோ இணைப்போ ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் ஏற்கும் பழைய முறையில் அமைந்திருந்தால், தான் அறியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வினாக்குறியை இட்டுவிடும். அவ்வாறு ஏட்டில் வினாக்குறியாகவே பதிந்தபின் மூலப்பெயரை மீட்க வழியில்லை. ஆதலின் முதல் பெயரைப் பதிவதற்கு முன்னரே, நெடுவரிசை, இணைப்பு இரண்டையும் யூனிகோடு முறைக்கு அமைத்திடுக. பிறகு ஒரு பெயரை எழுதி, நிரலை மூடி, திறந்து, கண்ணால் கண்டு உறுதி செய்க.

நண்பர்களே, உறுதி செய்தல், முகவரி அறிதல், இணைப்பை மூடுதல், பெயரையும் கட்டளையையும் கலவாதிருத்தல், எழுத்து முறையைப் பேணுதல் என்பவை தொடக்க மாணவரின் சின்னஞ்சிறு ஐயங்கள்போலத் தோன்றும். அவை உண்மையில் நம்பிக்கையைப் பற்றிய வினாக்கள். படிவத்தில் ஒருவர் தம் பெயரை எழுதிப் பொத்தானை அழுத்தும்போது, அது அங்கே இருக்கும், சிதையாமல் இருக்கும், பிறர் கைக்குப் போகாமல் இருக்கும் என்று நம்மை நம்புகின்றார். அந்நம்பிக்கைக்கு நாமே பொறுப்பாளர்.

நம் இளைஞர் இறுதியாக வந்தபோது வினா ஏதும் கொண்டுவரவில்லை. தாம் கல்லூரிக்குச் செல்வதாகவும், பள்ளியில் இளைய மாணவி ஒருத்தி தம் நிரலை நீக்கிவிட்டு வேறு மொழியில் புதிதாக எழுதப்போவதாகவும் கூறினார். “வருத்தமா?” என்றேன். “நிரல் போனால் போகட்டும், ஐயா. நாற்பது நூல்களையும் சரிபார்த்துவிட்டேன்; அனைத்தும் இருக்கின்றன” என்றார்.