கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த படம்

(குமாரலிங்கபுரத்தில் நடந்த இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்யாணம் முடிந்த பிறகு புதுமண இணையர் விதவிதமாக எடுத்துக்கொள்ளும் படங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "இதெல்லாம் ஒரு தலைப்பா?" என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் முணுமுணுத்தது காதில் விழுந்தது. கொஞ்சம் பொறுங்கள் அண்ணே.

2020 அக்டோபரில் கேரளத்தில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கும். கொரோனாக் காலத்தில் எளிமையாகக் கல்யாணம் முடித்த ஓர் இணையர், சில வாரம் கழித்து இடுக்கி மாவட்டம் வாகமண் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்தார்கள். பட்டு இல்லை, நகை இல்லை. வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு சிரித்தபடி ஓடுகிறார்கள். பெண்ணின் தோளும் காலும் தெரிந்தன, அவ்வளவுதான். பண்பாடே போய்விட்டது என்று வசவு கொட்டியது. அதிலும் பெண்ணுக்குத்தான் அதிகம். படத்தை நீக்கச் சொன்னார்கள். இருவரும் மறுத்துவிட்டார்கள்.

எந்தப் பண்பாடு? வாகமண் இருப்பது பழைய திருவிதாங்கூர் மண்ணில். அதே திருவிதாங்கூரில்தான் நாடார் பெண்கள் மார்பை மறைத்தார்கள் என்பதற்காகத் துணியைக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலையில் அரசாணை வந்தது. அதிலும் ஒரு கொக்கி வைத்தார்கள்: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மறைக்கக் கூடாது! மூடினாலும் அடி, திறந்தாலும் வசவு. ஒரு பெண்ணின் தோளில் எவ்வளவு துணி இருக்க வேண்டும் என்பதை அவளைத் தவிர எல்லோரும் முடிவு செய்வார்கள்.

அதற்காக இந்தப் படங்களையெல்லாம் புரட்சி என்று சொல்லிவிட முடியாது. சேற்றில் உருள்கிறார்கள், டிராக்டர் ஓட்டுகிறார்கள், முகூர்த்தச் சேலையோடு கிணற்றில் குதிக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இணை எப்படிச் சேர்ந்தது? சாதி, உட்பிரிவு எல்லாம் கேட்டு வாங்கும் வரன் தளத்தில். 2011-12இல் எடுத்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி, சொந்தச் சாதிக்கு வெளியே மணம் முடித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான். மீதிப் பேர் கிணற்றில் குதித்தால் என்ன, கடலில் குதித்தால் என்ன?

என் அக்கறையெல்லாம் அந்த ஐந்து பேர் மேல்தான். அவர்களில் பலருக்குக் கல்யாண நாள் படமே கிடையாது. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட திருமணங்களில் படம் என்றால் விண்ணப்பத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் அளவுப் படம்தான். கைப்பேசியை அணைத்து வைத்திருப்பார்கள். வாசலில் ஏதாவது வண்டி நின்றால் உள்ளே எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதில் யார் செல்ஃபி எடுப்பது?

அப்படி மணம் முடித்த ஒரு தங்கச்சி எட்டு மாதம் கழித்துப் படம் எடுத்துக்கொண்டாள். வீட்டை விட்டு வரும்போது உடுத்தியிருந்த அதே வெளுத்த சுடிதார். மாமியார் பருத்தி எடுக்கப் போகும் காடுதான் களம். படத்தில் மூன்று பேர்: அவள், அவன், மடியில் பருத்தியோடு மாமியார். தாலி இல்லை, அவள் கட்டிக்கொள்ளவில்லை. "எங்க கல்யாணத்தை இன்னிக்குத்தாண்ணே ஊருக்குச் சொல்றோம்" என்றாள்.

இந்த வட்டாரத்துக்கு அது புதிதல்ல. அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில்தான் 1928 மே 28 அன்று பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அந்த முறைக்குச் சட்ட ஏற்பு கிடைக்க அண்ணா ஆட்சியின் திருத்தம் வர வேண்டியிருந்தது, அது நடைமுறைக்கு வந்தது 1968 ஜனவரியில். நாற்பது ஆண்டுகள்! ஊரறியச் செய்தால்தான் அது திருமணம் என்ற வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2023 ஆகஸ்ட்டில்தான் உச்ச நீதிமன்றம், சுயமரியாதைத் திருமணத்துக்குப் பொது அறிவிப்புக் கட்டாயமில்லை என்று சொன்னது. குடும்பத்தின் எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் நடுவில் இருப்பவர்களிடம் ஊரைக் கூட்டு என்று எப்படிக் கேட்பது? முதலில் சட்டப்படி மணம், ஊருக்குச் சொல்வது உயிருக்குப் பாதுகாப்பு வந்த பிறகு. பிறகு எடுக்கும் படத்தை அதனால்தான் நான் லேசாக நினைப்பதில்லை.

சங்கர் – கௌசல்யா இணையரை நினைத்தால் நம் கண்ணில் வருவது எந்தப் படம்? 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை, கண்காணிப்புக் கேமராவில் பதிவான கொலை. சங்கரின் ஊர் குமரலிங்கம். நம் ஊர்ப் பெயரைப் போலவே இருக்கிறது. ஒரு காதல் திருமணத்துக்கு இந்த நாடு எடுத்துத் தந்த படம் அதுதான்.

இங்கே கேமரா தொழில் செய்யும் தம்பிகள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் சில கோரிக்கைகள். முகத்தை வெளுக்காதீர்கள். கரிசல்காட்டு நிறத்தைக் கணினியில் கழுவிவிட்டு "அழகா வந்திருக்கு" என்று நீட்டாதீர்கள். எந்த உடை, எந்த இடம் என்பதை முதலில் பெண்ணிடம் கேளுங்கள். சாதி மறுத்து வந்தவர்கள் என்றால் அவர்கள் சொல்லும்வரை படத்தை உங்கள் இன்ஸ்டா பக்கத்தில் போடாதீர்கள். போடச் சொன்னாலும் ஊர்ப் பெயரைப் போடாதீர்கள், பின்னணியில் கடைப் பலகையோ பேருந்தின் எண்ணோ தெரிகிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். தேடி வருகிறவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.