பள்ளிக்கூடம் போகிற வழி

(சால்ட் லேக்கில் தமிழ் கற்போர் கூட்டத்தில் பேசியது)



உல்டாடாங்காவில் பஸ்ஸுக்கு நின்றிருப்பீர்கள். போர்டில் வங்காள எழுத்து இருக்கும். வங்காள எழுத்தில் நாலு நம் கண்ணுக்கு 8 போலத் தெரியும். ஏழு 9 போலத் தெரியும். தப்பு பஸ்ஸில் ஏறி எங்கேயோ இறங்காதவர் நம்மில் யார்? கை கால் நன்றாக இருக்கிற நமக்கே இந்தப் பாடு. நடக்க முடியாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, புத்தி மெதுவாக வளரும் பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் போய் வருவது எப்படி? இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

நம் வகுப்புக்கு வரும் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். இதைச் சொல்லலாம் என்று அவரே சொன்னார். அவர் மகளுக்கு 15 வயது. மூளை முடக்குவாதம். கால் மடங்கியே இருக்கும். பேச்சு கொஞ்சம் குழறும். ஆனால் கணக்கில் கெட்டிக்காரி. மளிகைக் கணக்கை அம்மாவுக்கு அவள்தான் போட்டுக் கொடுக்கிறாள். எட்டாம் வகுப்பு வரை படித்தாள். அதன்பிறகு வீட்டோடு இருக்கிறாள்.

ஏன் நின்றாள்? படிப்பு வராமல் இல்லை. சின்ன வயதில் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். பள்ளிக்கூடமும் பக்கத்துத் தெருவில் இருந்தது. இப்போது பிள்ளை வளர்ந்துவிட்டாள். அம்மாவுக்கு இடுப்பு வலி. பெரிய பள்ளிக்கூடம் தூரத்தில் இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் நாலு பேரோடு நெருக்கி உட்கார வேண்டும். சக்கர நாற்காலியை எங்கே வைப்பது? டோட்டோவைத் தனியாகப் பேசினால் போக ஒரு காசு, வர ஒரு காசு. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா அதை எப்படிக் கொடுப்பார்? கொண்டுபோய் விட்டுத் திரும்பினால் ஒரு வீட்டு வேலை போச்சு.

வயசுக்கு வந்த பெண் வேறு. முகம் தெரியாத ஆள் தூக்கி ஏற்றினால் அவளுக்குக் கூச்சம் இருக்காதா? இதையெல்லாம் யாரும் காகிதத்தில் எழுதுவதில்லை. "தானாக நின்றுவிட்டாள்" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கு வண்டி ஒரு தடை என்பது அரசாங்கத்துக்குத் தெரியாத விஷயம் அல்ல. மேற்கு வங்கத்தில் 2015ஆம் ஆண்டு சபுஜ் சாத்தி என்ற திட்டம் வந்தது. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்தார்கள். நல்ல காரியம். சைக்கிள் மிதிக்க முடிகிற பிள்ளைக்கு சைக்கிள் என்றால், மிதிக்க முடியாத பிள்ளைக்கு என்ன? இந்தக் கேள்வியை நாம் கேட்கலாம். கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது.

1974ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. உடல் குறை உள்ள பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து சாதாரணப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பிள்ளை போய் வர ஒரு படி, கூடப் போகும் துணையாளுக்கு ஒரு படி என்று அதில் எழுதப்பட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டமும் இதைச் சொன்னது. வண்டி கொடு, இல்லையென்றால் பெற்றோருக்குப் பணம் கொடு என்றது. அப்போது ஊனமுற்றோர் என்று சொன்னார்கள். இப்போது மாற்றுத்திறனாளி என்கிறோம். பேர் மாறியது. பஸ்ஸின் படி உயரம் மட்டும் பல இடத்தில் மாறவில்லை!

இன்று நடப்பில் இருப்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 16ஆவது பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு நடத்தும் பள்ளிக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் அது பொருந்தும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வண்டி வசதி செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அதிக உதவி தேவைப்படும் பிள்ளை என்றால் கூட வரும் ஆளுக்கும் சேர்த்தே வசதி செய்ய வேண்டும். 31ஆவது பிரிவு, குறை 40 சதவீதத்துக்குக் குறையாத பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு உண்டு என்கிறது.

இந்த 18 முக்கியம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடும். "14 முடிந்தது, இனி எங்கள் பொறுப்பு இல்லை" என்று யாராவது சொன்னால், "இவளுக்கு 18 வரை உண்டு" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

2018 முதல் சமக்ர சிக்ஷா என்ற திட்டம் நடக்கிறது. பயணப் படி, துணையாள் படி இரண்டும் 12ஆம் வகுப்பு வரை அதில் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் தொகை மாறும். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் காற்றோடு போகும். எழுதிக் கேளுங்கள். இப்போதுதான் நமக்கு எழுதத் தெரியுமே!

வீட்டிலேயே ஆசிரியர் வந்து சொல்லிக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. குறை மிக அதிகமான பிள்ளைக்காக 2012இல் அதைச் சட்டத்தில் சேர்த்தார்கள். சில பிள்ளைகளுக்கு அது நல்லது. ஆனால் வண்டி ஏற்பாடு செய்யச் சோம்பல்பட்டு, "வீட்டிலேயே இருக்கட்டும்" என்று யாரும் நம் தலையில் கட்டக்கூடாது. பிள்ளைக்குப் படிப்பு மட்டுமா வேண்டும்? சிநேகிதி வேண்டாமா?

தனிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமே என்பீர்கள். கல்கத்தாவில் பழைய, நல்ல பள்ளிகள் இருக்கின்றன. காது கேளாதோர் பள்ளி 1893இல் தொடங்கியது. பார்வையற்றோர் பள்ளி 1897இல் தொடங்கியது, இப்போது பெஹாலாவில் இருக்கிறது. மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கான நிலையம் 1974இல் தொடங்கியது. அது தாராதலாவில் இருக்கிறது. நாம் இருப்பது நகரத்தின் கிழக்குக் கோடி. பெஹாலாவும் தாராதலாவும் தெற்கே, தென்மேற்கே கிடக்கின்றன. தினமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஆகவே தனிப் பள்ளி என்றாலும் வண்டிப் பிரச்சினை தீராது, கூடத்தான் செய்யும்.

சால்ட் லேக்கில் ஒரு வசதி வந்திருக்கிறது. 2020இல் செக்டர் ஐந்திலிருந்து மெட்ரோ ஓடத் தொடங்கியது. கருணாமயி, சென்ட்ரல் பார்க், சிட்டி சென்டர் எல்லாம் அந்தப் பாதையில் வருகின்றன. 2025இல் ஹவுரா மைதானம் வரை முழுப் பாதையும் திறந்தது. ஸ்டேஷனில் லிப்ட் உண்டு. பிளாட்பார ஓரத்தில் கதவு உண்டு, விழுந்துவிடும் பயம் இல்லை. சக்கர நாற்காலியோடு போகலாம். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை? பள்ளம், கல், நடைபாதையில் கடை. அந்த அரை மைல்தான் பெரிய தூரம்.

எல்லாப் பிள்ளைக்கும் வண்டிதான் வேண்டும் என்பதும் இல்லை. புத்தி மெதுவாக வளரும் பையனுக்கு 16 வயது என்று வையுங்கள். அவனுக்குத் தேவை வழி பழக்கிவிடுவது. சால்ட் லேக்கில் எல்லாப் பிளாக்கும் ஒரே மாதிரி இருக்கும். நமக்கே குழப்பம். அவனுக்கு எழுத்து வேண்டாம், அடையாளம் காட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி, ரவுண்டானா, மிட்டாய்க் கடை. முதலில் கையைப் பிடித்துக் கூடப் போங்கள். பிறகு பத்தடி பின்னால் போங்கள். பிறகு இறங்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். சட்டைப் பையில் வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். பஸ் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் பழக்க வேண்டும். நாம் மறப்பது அதைத்தான்.

இந்த ஊரில் ஜீஜா கோஷ் என்று ஒரு அம்மா. அவருக்கும் மூளை முடக்குவாதம். தாராதலா நிலையத்தில்தான் வேலை பார்த்தார். 2012 பிப்ரவரி 19ஆம் தேதி கோவாவில் ஒரு கூட்டத்துக்குப் போக விமானத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய உடல் நிலையைக் காட்டி இறக்கிவிட்டார்கள். அவர் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2016 மே மாதம் தீர்ப்பு வந்தது. விமானக் கம்பெனி 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றார்கள். மரியாதையோடு பயணம் செய்வது உரிமை, இரக்கப்பட்டுக் கொடுப்பது அல்ல என்பதுதான் அந்த வழக்கு. விமானத்துக்குச் சரியானது ஷேர் ஆட்டோவுக்கும் சரிதான்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். அது இல்லாமல் எந்த அலுவலகத்திலும் பேச்சு நடக்காது. ரயிலில் போகிறவர்கள், துணை இல்லாமல் போக முடியாத பிள்ளைக்கும் துணையாளுக்கும் சீசன் டிக்கெட்டில் பாதிக் கட்டணம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்றால் பன்ஹூக்ளியில் மத்திய அரசின் நிலையம் இருக்கிறது.

பிறகு மனு. பிள்ளையின் பெயர், வயது, வகுப்பு, குறை என்ன, வீட்டிலிருந்து பள்ளி எத்தனை கிலோமீட்டர், இப்போது எப்படிப் போகிறாள், மாதம் எவ்வளவு செலவு, என்ன வேண்டும் என்று எழுதுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம், 16ஆவது பிரிவு என்று ஒரு வரி சேருங்கள். எழுதுவதற்கு முன் பிள்ளையைக் கேளுங்கள். யார் கூட வந்தால் அவளுக்குப் பிடிக்கும், எதற்குப் பயப்படுகிறாள் என்று அவளே சொல்லட்டும். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். கொடுத்த தேதிக்கு முத்திரை வாங்குங்கள். தலைமை ஆசிரியர் கைவிரித்தால் கல்வித் துறைக்கு அனுப்புவோம். அதன் தலைமை அலுவலகமான விகாஷ் பவன் நம் சால்ட் லேக்கில்தான் இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை மாலை வகுப்பில் அந்த அக்கா தன் மகளுக்காக மனு எழுதப் போகிறார். என் கையெழுத்தில் அல்ல, அவர் கையெழுத்தில். மகளும் வருகிறாள். மாதச் செலவுக் கணக்கை அவளே போடுவாள். உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அதன் அம்மாவையும் கூட்டி வாருங்கள். வெள்ளைத் தாள் நான் கொண்டு வருகிறேன். அடையாள அட்டையின் நகலை நீங்கள் கொண்டு வாருங்கள்.