தாயின் வயதும் வயிற்றுப் பிள்ளையின் எடையும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மகப்பேறு மருத்துவர் ஆற்றிய உரை)



கட்டடத்தைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். மகப்பேறு பிரிவில் நாங்கள் தினமும் கேட்கிற ஒரே ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன். "உனக்கு என்ன வயசும்மா?" என்பதே அது.

பல நேரம் அந்தப் பிள்ளை வாய் திறக்குமுன் கூட வந்த அம்மாவோ மாமியாரோ முந்திக்கொள்வார்கள். "பத்தொன்பது முடிஞ்சிருச்சு டாக்டரம்மா." முகத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பை இப்போதுதான் தோளை விட்டு இறங்கினதுபோல இருக்கும். வயதை மாற்றிச் சொல்வது ஒரு சின்னப் பொய் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது வயிற்றிலிருக்கும் பிள்ளையை எப்படித் தொடுகிறது என்பதை விளக்கத்தான் இங்கே நிற்கிறேன்.

ஏழாம் மாதத் தொடக்கத்தில், அதாவது 28 வாரத்தில், வயிற்றுப் பிள்ளையின் எடை ஏறக்குறைய 1 கிலோதான். பிறக்கும்போது 3 கிலோ இருந்தால் நமக்குச் சந்தோஷம். அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கு எடை கடைசி 12 வாரத்தில் ஏறுகிறது. பிள்ளையின் தோலுக்கடியில் கொழுப்பு சேர்வதும், பிறந்த பிறகு சில மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்து சேர்வதும் பெரும்பாலும் அப்போதுதான். இவை அத்தனையும் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்து போகவேண்டும். 2,500 கிராமுக்குக் குறைந்து பிறந்தால் அதை எடை குறைந்த குழந்தை என்கிறோம். அதற்குச் சீக்கிரம் குளிர் பிடிக்கும், சர்க்கரை இறங்கும், பால் இழுக்கப் பெலன் இராது.

இப்போது அந்தச் சின்னப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். வயதுக்கு வந்தவுடன் வளர்ச்சி நின்றுவிடுவதில்லை. அதன்பின் சில வருஷம் உயரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்; இடுப்பெலும்பு விரிந்து முடிய அதற்கும் மேலாகும். ஆகவே அவள் கர்ப்பமானால் ஒரே உடம்பில் இரண்டு பிள்ளைகள் வளருகிறார்கள். அமெரிக்காவிலே நியூஜெர்சியில் கேம்டன் என்னும் ஊரில் தெரசா ஷோல் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 1990களில் இதை ஆராய்ந்தார்கள். கர்ப்பமான இளம் பெண்களின் முழங்கால் உயரத்தை நுட்பமாக அளந்து, இன்னும் வளருகிறவள் யார், வளர்ந்து முடிந்தவள் யார் என்று பிரித்தார்கள். வளருகிற பெண்களுக்கு உடம்பு நன்றாகத்தான் தேறியது. அவர்களுடைய குழந்தைகளோ ஏறத்தாழ 150 கிராம் குறைவாகப் பிறந்தன. சாப்பிட்டது தாயின் உடம்பில் தங்கிவிட்டது. பிள்ளைக்குப் போகவேண்டியது போகவில்லை.

ஸ்காட்லாந்தில் அபர்டீனிலுள்ள ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தில் இளம் செம்மறி ஆடுகளில் கண்டது இன்னும் ஆச்சரியமானது. வளரும் பருவத்தில் சினைப்பட்ட ஆட்டுக்குத் தாராளமாகத் தீனி போட்டால் ஆடு கொழுத்தது. நஞ்சுக்கொடியோ சிறுத்து, குட்டியும் சிறுத்தது. இதைக் கேட்டுவிட்டு யாரும் சாப்பாட்டைக் குறைத்துவிட வேண்டாம்! ஏற்கெனவே நம்மூரில், "கடைசி மாசத்தில் குறைச்சுத் தின்னு, பிள்ளை சின்னதாயிருந்தால் பிரசவம் லேசாயிருக்கும்" என்று புத்தி சொல்லும் பாட்டிமார் உண்டு. அது தவறான புத்தி. நம்முடைய பெண்கள் கொழுத்த ஆடுகள் அல்ல, பலர் இரத்தசோகையோடு வருகிறவர்கள். முட்டையும் பயறும் மீனும் இரும்புச்சத்து மாத்திரையும் கட்டாயம் வேண்டும். ஆனாலும் சத்துணவால் வயதை ஈடுகட்டிவிட முடியாது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லவேண்டும். 18, 19 வயதுப் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை சிறுத்திருந்தால் பழி முழுவதையும் வயதின்மேல் போடமுடியாது. வறுமை, உப்பளத்து வெயிலில் சுமை தூக்கும் வேலை, தாமதமாக வந்து பதிவு செய்வது எல்லாம் அதில் கலந்திருக்கிறது. வயதுக்கு வந்து ஓரிரு வருஷத்துக்குள் கர்ப்பமாகிறவளுக்கே ஆபத்து மிக அதிகம்.

இந்தக் கடற்கரையில் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1961இல் நடந்த கடைசிச் சலாபத்தைப் பார்த்தவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சலாபத்துக்கு முன் முத்துப் பாரில் மாதிரிக்குச் சிப்பி எடுத்துப் பார்ப்பார்கள். இளசாக இருந்தால் அந்த வருஷம் சலாபம் கிடையாது. ரொம்ப வயதாக விட்டாலோ சிப்பி செத்து, முத்து கடலடியில் போய்விடும். சிப்பிக்குக் காத்திருந்த ஊர் இது.

ஐடா ஸ்கடர் அம்மையாரின் சரித்திரம் நம் எல்லாருக்கும் தெரியும். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையிலிருந்த மனைவிகளுக்காக அவரைத் தேடி வந்ததும், ஆண் மருத்துவரை அனுமதிக்க மனமில்லாததால் மூன்று பெண்களும் மரித்ததும் பலமுறை கேட்டிருக்கிறோம். பெண் மருத்துவர் இல்லாத கொடுமைக்கு அதை உதாரணமாகச் சொல்லுகிறோம். அந்தப் பெண்களில் ஒருத்திக்கு 14 வயது என்பதை மட்டும் கடந்துபோய்விடுகிறோம். பெண் மருத்துவர்கள் வந்துவிட்டார்கள். வேலூரில் 1918இலேயே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தாயிற்று. பெண்ணின் திருமண வயது 18 என்று சட்டம் வர 1978 ஆயிற்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 100க்கு ஏறக்குறைய 13 பேர் 18 நிறையுமுன் மணமானவர்கள்.

தகப்பன் கடலுக்குப் போனால் நாள்கணக்காகிற வீடு, தாய் விடியுமுன் அளத்துக்குப் போகிற வீடு. வயசுப் பிள்ளையைத் தனியே விடப் பயந்து ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்கிறார்கள். அவர்களை ஏசிப் பயனில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். 18 நிறையாதவள் கர்ப்பமாக வந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அதற்கு அஞ்சி வயதை மறைக்கிறார்கள், அல்லது எட்டாம் மாதம் வரை வருவதே இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கும் 19 வயது நிறைந்திருக்கவேண்டும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கவே அந்த விதி. என் பார்வையில், உதவி அதிகம் தேவைப்படுகிறவளுக்கே அது கதவடைக்கிறது. உங்கள் காணிக்கையால் இப்படிப்பட்டவர்களுக்கு முட்டையும் பாலும் கொடுக்க முடியும் என்பதால் இதைச் சொல்லுகிறேன்.

மறுபக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவர் கப்பல் வேலையில் இருப்பதாலோ, பல வருஷம் பிள்ளைக்காகக் காத்திருந்ததாலோ 35க்கு மேல் தாயாகிறவர்கள் இப்போது அதிகம். அவர்கள் பயந்து நடுங்கத் தேவையில்லை. பெரும்பாலோர் நல்ல குழந்தையோடு வீடு போகிறார்கள். ஆனால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அந்த வயதில் எளிதாக வரும். அழுத்தம் ஏறினால் நஞ்சுக்கொடிக்கு இரத்த ஓட்டம் குறைந்து பிள்ளையின் எடை தேங்கும். சர்க்கரை ஏறினால் பிள்ளை அளவுக்குமீறிப் பெருக்கும். மூன்றாம் மாதமே வந்துவிட்டால், தேவைப்படுகிறவர்களுக்குச் சிறிய அளவு ஆஸ்பிரின் தொடங்கி அழுத்த நோயின் வாய்ப்பைக் குறைக்கலாம். 40ஐத் தாண்டினவர்களுக்கு நாள் தள்ளிப்போக விடுவதில்லை.

24 வாரத்துக்குப்பின் வயிற்றின் உயரம் சென்டிமீட்டரில் எவ்வளவோ, ஏறக்குறைய அத்தனை வாரம் என்பது கணக்கு. 3 சென்டிமீட்டர் குறைந்தால் ஸ்கேனுக்கு அனுப்புவோம். இதற்குத் தையற்காரர் வைத்திருக்கும் நாடா போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் வந்து அளந்துகொள்ளவேண்டும்.

சபைகளிடத்தில் ஒரு விண்ணப்பம். திருமண ஓலை வாசிக்குமுன் பெண்ணின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். "ஐயா, நாள் குறிச்சாச்சு, பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்தாச்சு" என்று கெஞ்சுவார்கள். அப்போதும் கேளுங்கள்.

வீடுகளைச் சந்திக்கப் போகும் சகோதரிகளே, பிள்ளைத்தாய்ச்சி யாராவது தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்று சொன்னாலோ, பிள்ளையின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது என்றாலோ, விடியட்டும் என்று இருக்கவேண்டாம். ஆட்டோ பிடித்து அழைத்து வாருங்கள். வயதை அப்புறம் கேட்டுக்கொள்கிறோம்.