மாந்த நேயமும் மணப்பந்தலும்

(திருமுல்லைவாயிலில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாந்தநேயம் என்னும் மெய்யியலுக்கு இற்றைக் குமுகாயத்தில் என்ன இடம் என்பதே எனக்குத் தரப்பெற்ற பொருள். மெய்யியல் என்றவுடன் அஃது ஏட்டில் இருப்பது, படித்தவர் பேசிக் களைவது என்று எண்ணிவிட வேண்டா. சோற்றுப் பானையும் மணப்பந்தலும் சுடுகாடும் ஒரு கொள்கையை உரசிப் பார்க்கும் கற்கள். இம் மூன்றனுள் மணப்பந்தலை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மாந்தநேயம் இன்னதென்று வரையறுத்துக்கொள்வோம். இரக்கப்பட்டு ஈவது மட்டும் மாந்தநேயம் ஆகாது. அரசனும் ஈந்தான், ஆண்டையும் ஈந்தான். நன்மை தீமைகளை அளக்கும் கோல் மாந்த வாழ்வே. அக்கோலைப் பிடிக்கும் கை மாந்த அறிவே. அவ்வளவையில் எல்லா மாந்தரும் ஒருநிறை உடையவரே. இம் மூன்றும் சேர்ந்ததே மாந்தநேயம். இறைநம்பிக்கை உடையவர் தம் நம்பிக்கையைத் தம் நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். அதைத் தடுக்க நாம் யார்? ஆனால் ஒருவன் உயர்ந்தவன், மற்றொருவன் தாழ்ந்தவன், பெண் ஆணுக்கு அடங்கியவள் என்பனவற்றிற்குக் கடவுளின் கையெழுத்து உண்டென்று எவரேனும் காட்ட வந்தால், அந்த ஓலை செல்லாது என்று சொல்வதே மாந்தநேயம்.

மேலை வரவா?

இது மேலைநாட்டுச் சரக்கு என்பார் உளர். 1952ஆம் ஆண்டில் ஆம்சுட்டர்டாம் நகரில் பல நாட்டு மாந்தநேய அமைப்புகள் கூடி ஓர் உலக ஒன்றியத்தை அமைத்தன என்பது உண்மை. உயிரியல் அறிஞர் சூலியன் அக்சுலி அப் பேரவைக்குத் தலைமை தாங்கினார். இத் துணைக்கண்டத்தில் எம்.என். இராய் பொதுவுடைமை இயக்கத்தினின்று விலகி, 1948ஆம் ஆண்டின் இறுதியில் தம் கட்சியையே கலைத்துவிட்டுப் புதிய மாந்தநேயத்தைப் பரப்பினார். ஆந்திரத்தில் கோரா 1940இல் இறைமறுப்பு நடுவம் நிறுவித் தீண்டாமை ஒழிப்பை அதன் பணியாக்கினார்.

ஆனால் வேர் நம்மிடமும் உண்டு. ஊரெல்லாம் தன் ஊர், மக்களெல்லாம் தன் உறவு என்று கண்ட கணியன் பூங்குன்றனின் புறநானூற்றுப் பாடல் 192, எந்த மேலைப் பேரவைக்கும் முந்தியது. பிறப்பால் எல்லாரும் ஒருதன்மையர், செய்தொழிலே வேற்றுமை தரும் என்று 972ஆம் குறளில் வள்ளுவர் வரையறுத்துவிட்டார். வேர் இருந்தும் மரம் ஏன் காய்ந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய வினா.

மணம் எதனால் மணமாகிறது?

தோழர்களே! நீங்கள் நிற்கும் இவ்வூர்க் கோயிலோடு தொடர்புடைய ஒரு கதையைச் சொல்கிறேன். அதை நான் வரலாறாகச் சொல்லவில்லை. சேக்கிழார் சொன்னபடி சொல்கிறேன். சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். அவருக்குத் திருவாரூரில் ஏற்கெனவே பரவையார் என்னும் மனைவி உண்டு. ஆகவே 'உன்னைப் பிரியேன்' என்று மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சூளுரைத்தார். பின்னர்ச் சூளை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணொளி இழந்தார். இழந்த நிலையில் அவர் வந்து பாடிய ஊர்களுள் ஒன்று இத் திருமுல்லைவாயில்.

அடியார்க்கு எழுந்த நூலே இங்கு என்ன சொல்கிறது? தவறு எங்கே நேர்ந்தது? தீ வளர்த்ததிலா, ஓதியதிலா? இல்லை, கொடுத்த சொல்லை மீறியதில். மணத்தின் உயிர் சொல்லே என்பதைப் பற்றுநெறிக் கதையும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் சொல்லை மீறிய எல்லா ஆடவர்க்கும் கண் போவதில்லை. போயிருந்தால் நாட்டில் வழிகாட்டக் கோல்கள் போதா. எனவே ஏமாற்றப்பட்ட பெண்ணைக் காக்கும் கடமை குமுகாயத்தின் தோளில்தான் விழுகிறது. பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகே பெரியோர் மணச் சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுவதன் பொருளும் இதுவே. சடங்கு மாந்தனுக்காக வந்தது. மாந்தன் சடங்குக்காகப் பிறக்கவில்லை.

அச் சடங்கேனும் எப்படி இருந்தது? அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்களைப் படித்துப் பாருங்கள். பந்தல் உண்டு, புதுமணல் உண்டு, விளக்கு உண்டு, உழுந்துக் களி உண்டு. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை வாழ்த்தி நீராட்டுகின்றனர். தீவலம் இல்லை, இடையில் நின்று ஓதுவாரும் இல்லை. நல்ல நாள் பார்க்கும் வழக்கம் அன்றும் உண்டு. அதை மறைக்க வேண்டா. சிலப்பதிகாரக் காலத்திலோ கண்ணகியின் மணத்தில் தீவலம் புகுந்துவிட்டது. பாவாணர் 'தமிழர் திருமணம்' என்றொரு நூல் எழுதியதன் தேவை இங்கிருந்தே பிறந்தது.

பந்தலில் இருந்து மன்றம் வரை

இராய் எழுதினார், படித்தவர் கேட்டனர். பெரியார் அதே கொள்கையை உழவன் வீட்டுப் பந்தலுக்குக் கொண்டுவந்தார். 1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் அவர் நடத்திய மணமே முதல் தன்மதிப்புத் திருமணம் என்பர். 1929 பிப்பிரவரியில் செங்கற்பட்டில் முதல் தன்மதிப்பு மாநாடு கூடியது. அன்று நம் திருமுல்லைவாயிலும் செங்கற்பட்டு மாவட்டத்து ஊரே. பெண்ணுக்குச் சொத்தில் நிகர்பங்கு வேண்டும், துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும், பொருந்தா மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வேண்டும், சாதிப் பட்டங்கள் ஒழிய வேண்டும் என்று அம் மாநாடு முடிவு செய்தது. அவற்றுள் சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமானது 1989இல். இந்தியா முழுமைக்கும் 2005இல். ஒரு நேர்மையான முடிவு மாநாட்டு மேடையில் இருந்து சட்ட ஏட்டை அடைய அறுபது ஆண்டுகள்!

அதற்கிடையே பட்ட துன்பத்தை இன்றைய இளைஞர் அறியார். 1953இல் சென்னை உயர்நயன்மன்றம் ஒரு வழக்கில், தீவலமும் ஏழடியும் இல்லாத தன்மதிப்பு மணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பத்தாண்டு, இருபதாண்டு உடன்வாழ்ந்த மனைவி மனைவியல்லள். பெற்ற பிள்ளை முறைப்பிள்ளை அன்று! அத் தீர்ப்பு வந்த பின்னும் மக்கள் அம் மணங்களை நிறுத்தவில்லை. சட்டம் தம்மை மனைவி என்று ஒப்பாது எனத் தெரிந்தே பெண்கள் மாலை மாற்றிக்கொண்டனர். மாந்தநேயத்தின் ஈகியர் பட்டியலில் அவர்தம் பெயர்களை எழுதுவார் இல்லை.

1967இல் ஆட்சி ஏற்ற பேரறிஞர் அண்ணா, அவ்வாண்டின் நவம்பரிலேயே இந்துத் திருமணச் சட்டத் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 7அ என்னும் அப் பிரிவு சொல்வது எளிது: உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக உரைத்தாலும் மணம்; மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் மணம்; தாலி கட்டினாலும் மணம். இவற்றுள் ஒன்றே போதும். முன்பு நடந்த மணங்களும் செல்லும். 'தமக்கு விளங்கும் மொழியில்' என்னும் தொடரை நினைத்துப் பாருங்கள்! தான் கொடுக்கும் உறுதிமொழி தனக்கே விளங்க வேண்டும் என்பதைவிடத் தாய்மொழியுரிமைக்கும் மாந்தநேயத்திற்கும் நெருங்கிய முடிச்சு வேறுண்டா? இசுக்காட்லாந்தில் மாந்தநேயத் திருமணம் சட்ட ஏற்புப் பெற்றது 2005இல்தான். நாம் அதற்கு முப்பத்தேழு ஆண்டு முந்தியவர்கள்.

சட்டம் எதற்குப் பயன்பட்டது என்பதற்கும் ஒரு சான்று. இதே தொடர்வண்டிப் பாதையில் உள்ள திருத்தணியில் 1984இல், மனைவி உயிரோடிருக்க ஒருவர் மற்றொரு பெண்ணை மணந்தார். முதல் மனைவி வழக்கிட்டார். 'ஏழடி நடந்ததற்குச் சான்று இல்லை. ஆகவே இரண்டாவது மணம் மணமே அன்று. குற்றமும் இல்லை' என்று கீழ்மன்றம் அவரை விடுவித்தது. வழக்கு உச்ச நயன்மன்றம் வரை சென்றது. 7அ பிரிவின்படி ஏழடி தேவையில்லை, அது மணமே என்று 2001இல் அம்மன்றம் கூறியது. பாருங்கள்! சடங்கின் குறையை ஓர் ஆடவர் தமக்குக் கேடயமாகப் பிடித்தார். சடங்கை நீக்கிய சட்டமே பெண்ணுக்குக் காப்பாயிற்று. 'சடங்கு இல்லையேல் கட்டுப்பாடு இல்லை' என்போர்க்கு இதைவிட வேறு விடை வேண்டா.

இன்னும் எஞ்சியது

ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. 7அ பிரிவு இந்துச் சட்டத்தின் உள்ளே ஓர் அறை; இருவரும் அச் சட்டத்திற்கு உட்பட்டவராய் இருந்தால்தான் அதனுள் நுழைய முடியும். வேறு வேறு சமயத்தைச் சார்ந்த இருவர் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாட வேண்டும். அதிலோ முப்பது நாள் முன்னறிவிப்பு ஒட்டப்பெறும். சாதிவெறியனுக்கும் சமயவெறியனுக்கும் அவ்வறிவிப்பு முகவரிச் சீட்டாகிவிடுகிறது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில், சாதி கடந்து மணந்த ஓர் இளைஞர் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே பார்த்தது. இவ்வச்சம் உணர்ந்தே, பலரறிய விழா எடுத்தால்தான் தன்மதிப்பு மணம் செல்லும் என்பதில்லை என்று 2023 ஆகசுட்டில் உச்ச நயன்மன்றம் தெளிவுபடுத்தியது.

நம் வட்டாரத்தையே பாருங்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிலகங்களிலும் எல்லா மாவட்டத்து மக்களும் ஒரே பட்டறையில் நிற்கின்றனர். ஒரே கலத்தில் இருந்து நீர் பருகுகின்றனர். நிகரமைக் குமுகமே குறிக்கோள் என்று காங்கிரசுக் கட்சி 1955இல் முழங்கியதும் இதே ஆவடியில்தான். ஆனால் மகளுக்கு மணம் பேசும் நாள் வந்ததும் எட்டு மணி நேரத் தோழமை எங்கே போகிறது? பிறந்த ஊரின் தெருப்பெயரையும் பிறப்புக் கணிப்பையும் கேட்கிறோம்.

தமிழ்ப் பற்றாளராகிய நமக்கும் ஒரு சொல். வடமொழியை நீக்கித் தமிழில் ஓதி மணம் நடத்துகிறோம், நன்று. அழைப்பிதழில் ஓர் அயற்சொல் இல்லை, மிக நன்று. அவ்வழைப்பிதழின் இருபுறமும் ஒரே சாதியாக இருந்தால், மணக்கொடைப் பொன் பேசி முடித்த பின்னரே நாள் குறிக்கப்பட்டிருந்தால், தூய தமிழில் பழைய தீமையை எழுதினோம் என்பதன்றி வேறென்ன? சொல்லில் கலப்பு வேண்டா என்போம். குருதியில் கலப்பு வேண்டா என்பவனோடு ஒருநாளும் கைகோக்க மாட்டோம்.

ஆதலின் இளைஞர்களே, மூன்று செயல்களை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் மணத்தில் உறுதிமொழியை நீங்களே தமிழில் எழுதுங்கள். மணமகன் சொல்வதையே மணமகளும் சொல்லட்டும். மணக்கொடை கொடாதீர், கொள்ளாதீர். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படித் தொண்ணூறு நாளுக்குள் மணத்தைப் பதியுங்கள். எளிய மணத்துக்கு எழுத்துச் சான்றே அரண். பெரியோர்களே, உங்கள் பணி ஒன்றுதான். சாதி கடந்து வரும் இணையருக்கு உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். கரி சொல்ல இருவர் வேண்டும்போது நீங்கள் முன்வந்து நில்லுங்கள்.

பூங்குன்றன் உலகையே உறவென்றான். அவன் வழியினர் நாம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை, அடுத்த தெருவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து மெய்ப்பிப்போம்.

வளர்க மாந்தநேயம்! வெல்க தமிழ்!