உலகத்துலயே நல்ல இன்ஜினியரிங் காலேஜ் எது?

இன்னிக்கு எபிசோடு எங்க ஊர்ல இருந்து ஆரம்பிக்குது. செஞ்சி பக்கம், அவலூர்பேட்டை.

போன லீவுக்கு ஊருக்குப் போனேன். சித்தப்பா நிலப் பத்திரத்தைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். "ஜெர்மனியில படிப்பு ஃப்ரீயாம்பா. ஏஜென்ட்டுக்கு மட்டும் மூணு லட்சம் கட்டணுமாம்." தங்கச்சி அரசுப் பள்ளியில பிளஸ் டூ முடிச்சிருந்தா. அவ கேட்டது வேற: "அண்ணா, உலகத்துலயே நல்ல இன்ஜினியரிங் காலேஜ் எது?"

உடனே சொல்லிட்டேன், எம்.ஐ.டி. குரோம்பேட்டை இல்லங்க, அமெரிக்காவுல இருக்கிறது. கியூ.எஸ் பட்டியல்ல 2012-ல இருந்து அதுதான் முதலிடம். இடம் கிடைச்சா, வெளிநாட்டு மாணவர்களுக்கும் குடும்பத்தால கட்ட முடியாத பணத்தை அவங்களே ஏத்துக்கிறாங்க. ஆனா இடம் கிடைக்கிறவங்க சொற்பம்.

அப்புறம்தான் உறைச்சது. அந்தப் பட்டியல் பேராசிரியர்கள் மத்தியில இருக்கிற பேரு, ஆராய்ச்சி, இதையெல்லாம் அளக்குது. எங்க தங்கச்சிக்கு எந்தக் கதவு திறக்கும்னு அது சொல்லாது.

சரி, ஜெர்மனி? ஏஜென்ட் சொன்னதுல பாதி உண்மை. அங்க பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல கல்விக் கட்டணம் கிடையாது. ஆனா மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-ல இருந்து நம்மள மாதிரி வெளிநாட்டவர்கிட்ட கட்டணம் வாங்குது. விசாவுக்கு, முதல் வருஷச் செலவுக்குன்னு 11,904 யூரோ தனிக் கணக்குல காட்டணும். பத்து லட்சத்தைத் தாண்டிடும். அது ஃபீஸ் இல்ல, மாசாமாசம் நமக்கே திரும்ப வரும். ஆனா முதல்ல நம்ம கையில இருக்கணுமே! அதோட, வெறும் பிளஸ் டூவை வெச்சு நேரா சேர முடியாது. ஜே.இ.இ அட்வான்ஸ்டு பாஸ் பண்ணியிருக்கணும், இல்லன்னா இங்க ஒரு வருஷமாவது காலேஜ் படிச்சிருக்கணும், இல்லன்னா அங்கயே ஆயத்த வகுப்பு படிக்கணும்.

இதையெல்லாம் போன்லயே சித்தப்பாவுக்குக் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசல.

அப்புறம் நம்ம பக்கத்தைப் பார்த்தோம். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் 1794-ல நில அளவைப் பள்ளியா ஆரம்பிச்சது. சென்னை ஐ.ஐ.டி 1959-ல ஜெர்மனி உதவியோடதான் வந்தது. இப்போ தேசியத் தரவரிசையில இன்ஜினியரிங்ல அதுதான் முதலிடம். எங்களுக்கு முக்கியமானது இன்னொண்ணு: ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 2021-ல இருந்து இன்ஜினியரிங்ல 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு. அதுல சேர்ந்தா கல்விக் கட்டணம், ஹாஸ்டல் ரெண்டையும் அரசே கட்டுது. தங்கச்சி ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளிதான். இந்த விஷயம் வீட்ல யாருக்கும் தெரியல!

தங்கச்சி கவுன்சலிங்குக்குப் பதிவு பண்ணிட்டா. "அப்போ ஜெர்மனி?"னு கேட்டா. "நாலு வருஷம் கழிச்சு, மாஸ்டர்ஸுக்குப் போ. அப்போ ஏஜென்ட் வேணாம், நீயே அப்ளை பண்ணுவ"ன்னேன்.

சித்தப்பா பத்திரத்தை மடிச்சு பீரோவுல வெச்சிட்டார்.

கேக்கிற உங்க வீட்லயும் இப்போ யாராவது பிளஸ் டூ முடிச்சிருக்கலாம். ரேங்க் லிஸ்ட்டை அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களோட ஒரு மணி நேரம் உட்காருங்க. என்ன தகுதி, என்ன செலவு, யார் கட்டுறாங்கன்னு பாருங்க. பணம் கேக்கிறவங்க சொல்றதை அந்தந்தப் பல்கலைக்கழக இணையதளத்துலயே சரிபாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!